பல்லுக் கழற்றிய வீட்டில் முதல் மூன்று நாள்



கடந்த பாடசாலை விடுமுறையில் எனக்குக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை, அதாவது ஞானப்பல்லை, சிறு சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டேன். அதற்குப் பிறகு சக ஆசிரியைகளும் பிள்ளைகளின் உம்மாமாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், வீட்ட வந்து என்ன செய்தீங்க? முகம் வீங்கலையா? என்னத்தச் சாப்பிட்டீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். உங்கள் வீட்டில் யாருக்காவது பல்லுக் கழற்றத் திகதி கிடைத்திருந்தால் பொறுமையாக வாசியுங்கள். நோயாளி வாசிப்பதைவிட வீட்டில் உள்ளவர்கள் வாசிப்பது நல்லது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், அந்தக் காயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஞானப்பல் சரிந்தோ எலும்புக்குள் புதைந்தோ இருந்தால் முரசைக் கீறி, தேவையான அளவு எலும்பைக் குறைத்து, பல்லைத் துண்டு துண்டாக எடுத்து, தையல் போடுவார்கள். பல் இருந்த இடத்தில் எலும்பில் ஒரு குழி மிஞ்சும். அந்தக் குழியில் இரத்தம் நிறைந்து உறைந்து ஒரு கட்டியாகும். அந்த இரத்தக்கட்டிதான் காயத்துக்கு மூடி. அதற்குக் கீழேதான் புதிய சதையும் பிறகு புதிய எலும்பும் வளரும். முதல் 3 நாளும் அது மிகவும் இளகிய நிலையில் இருக்கும்.

கட்டி கழன்று போனால் எலும்பு வெறுமையாகத் திறந்துவிடும். இதை உலர்குழி என்பார்கள். 1896ஆம் ஆண்டிலேயே கிரோஃபோர்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணமாகப் பல்லுக் கழற்றுபவர்களில் 100க்கு 1 முதல் 5 பேர் வரை இது வருகிறது. கீழ் ஞானப்பல்லைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தவர்களிடம் இன்னும் கூடுதலாக வருகிறது. 2ஆம், 3ஆம் நாளில் குறைய வேண்டிய வலி திடீரென்று கூடும். காது, நெற்றிப்பொட்டு வரை இழுக்கும். வாயில் துர்நாற்றமும் வரும். ஆகவே டொக்டர் தரும் அறிவுரை எல்லாவற்றையும் ஒரே வரியில் சொன்னால், அந்தக் கட்டியை அசையாமல் வைத்திருங்கள் என்பதுதான்.

இனி நம் வீடுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல்லுக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறியதும் ஒருவர் சுடச்சுடப் பிளேன்டீ கொண்டு வருவார். இன்னொருவர், "வாயில ரெத்தம் இரிக்கி, நல்லாக் கொப்பளிச்சித் துப்புங்க" என்பார். மச்சினன் குரும்பை வெட்டி ஸ்ட்ரோவைச் செருகி நீட்டுவார். அசருக்குப் பிறகு விசாரிக்க வருபவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து கதைக்க வேண்டும். ஐந்து வக்துக்கும் வுழூ செய்யும்போது வாய் கொப்பளிக்க வேண்டியிருக்கும். இரவில், வாய் மணம் போகட்டும் என்று ஒரு சுருள் வெற்றிலையும் வரும். இவை எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட அந்த இரத்தக்கட்டிக்கு நல்லதில்லை. சூடு அதை இளக்கும். கொப்பளிப்பதும் துப்புவதும் அதைக் கழற்றும். ஸ்ட்ரோவில் உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவை அதை வெளியே இழுக்கும். அதனால்தான் இது வீட்டுக்காரர்களுக்கான பதிவு என்று சொன்னேன். அன்பு அதே அன்புதான். முதல் 3 நாளும் அதைக் காட்டும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதல் நாள்

கடித்துக்கொள்ளச் சொல்லித் தரும் பஞ்சை அரை மணித்தியாலத்திலிருந்து முக்கால் மணித்தியாலம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உமிழ்நீர் இளஞ்சிவப்பாக வருவது அன்று முழுவதும் இருக்கலாம். ஒரு துளி இரத்தம் வாய் நிறைய உமிழ்நீரில் கலந்தால் எல்லாம் இரத்தம் மாதிரித்தான் தெரியும். உண்மையாகவே இரத்தம் ஊறி வந்தால், சுத்தமான துணியை அல்லது கோஸை மடித்து நனைத்து, காயத்தின் மேல் வைத்து மறுபடியும் அரை மணித்தியாலம் கடிக்க வேண்டும். கைக்குக் கோஸ் கிடைக்காவிட்டால் தேயிலைப் பை ஒன்றை நனைத்து ஆறவிட்டுக் கடிக்கலாம். தேயிலையில் உள்ள டெனின் இரத்தம் உறைய உதவும்.

உதடும் நாக்கும் சில மணித்தியாலங்களுக்கு விறைத்திருக்கும். அந்த நேரத்தில் சூடானதைக் குடித்தால் வாய் வெந்தாலும் தெரியாது. உதட்டைக் கடித்தாலும் தெரியாது. சிறு பிள்ளைகளுக்குப் பல்லுக் கழற்றினால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். விறைத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

வீக்கத்துக்குக் கன்னத்தின் வெளியே ஐஸ் வையுங்கள். நேரே தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் வாங்கி வைத்திருந்த ஐஸ் பக்கட் இரண்டு அந்த வேலையைச் செய்தன. ஐஸ் பயன்படுவது முதல் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குத்தான். இவ்வளவு செய்தாலும் 2ஆம், 3ஆம் நாளில் வீக்கம் உச்சத்துக்கு வரும். என் மகள், "உம்மா, ஒரு பக்கம் மட்டும் பலூன் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். பயப்பட வேண்டாம், அது வழமைதான். 4ஆம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கும். படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுத்தால் வீக்கமும் குறையும், இரத்தம் கசிவதும் குறையும்.

அடுப்படி

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆண் ஒருவர் பல்லுக் கழற்றினால் அவர் கட்டிலில் படுத்திருப்பார், நாம் எல்லாம் செய்து கொடுப்போம். பெண் ஒருத்தி கழற்றினால், "பல்லுத்தானே, கை கால் நல்லாத்தானே இரிக்கி" என்று மஃரிபுக்கு முதல் அடுப்படியில் நிற்பாள். யாரும் அவளை நிற்கச் சொல்வதில்லை. அவளாகவே போய் நிற்பாள். குனிந்து தேங்காய் திருவுவது, அடுப்பை ஊதுவது, தண்ணீர் வாளி தூக்குவது, வெக்கையில் நிற்பது எல்லாம் தலைக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் வேலைகள். ஊதும்போது வாய்க்குள் அழுத்தமும் உண்டாகும். நின்ற இரத்தம் மீண்டும் வருவதற்கு இவ்வளவு போதும்.

நமது மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் உம்மா வீட்டோடு, அல்லது சகோதரிமாருக்குப் பக்கத்து வளவில் இருப்பதுதான் வழமை. இந்த வழமையின் பயன் இந்த மாதிரி நாட்களில்தான் விளங்குகிறது. எனக்கு முதல் நாள் உம்மா சமைத்தார். 2ஆம் நாள் ராத்தா வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. 3ஆம் நாள் இவர் பருப்புக் கறி வைத்தார். உப்புக் கொஞ்சம் கூட, ஆனால் பருப்பு நன்றாக அவிந்திருந்தது, எனக்கு அது போதும். பல்லுக் கழற்றத் திகதி எடுக்கும்போதே, அந்த 3 நாளும் யார் சமைப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஆசிரியைகள் முடிந்தால் விடுமுறையில் திகதி எடுங்கள். 40 பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை திறந்து கதைப்பதும் வாய்க்கு ஒரு வேலைதான்.

சாப்பாடு

விறைப்புப் போன பிறகு, குளிர்ந்ததும் மிருதுவானதும். இதை நினைவில் வைத்தால் போதும். நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. எருமைத் தயிர், நன்கு பழுத்த வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாசி, குரும்பைத் தண்ணீர் (ஸ்ட்ரோ இல்லாமல் கோப்பையில் ஊற்றி). நோன்புக் கஞ்சி வைப்பது போலத் தேங்காய்ப் பால் விட்டுக் குழையக் காய்ச்சி, இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு, நன்றாக ஆறவைத்துக் குடிக்கலாம். வட்டிலப்பத்தை விட நல்ல நோயாளிச் சாப்பாடு உண்டா தெரியவில்லை. முட்டையும் பாலும் குளிர்ச்சியும் ஒன்றாக இருக்கிறது. கஜுவை மட்டும் பொறுக்கிவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது இல்லை, அவர்கள் தயிரோடு நிற்கட்டும்.

2ஆம், 3ஆம் நாளில் இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, சூடு ஆறிய பிறகு மற்றப் பக்கத்தால் மென்று சாப்பிடலாம். பிட்டு வேண்டாம். மட்டக்களப்பாரிடம் பிட்டு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் உதிரும் துணிக்கைகள் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். கச்சான், மிக்சர், முறுக்கு ஆகியவற்றுக்கும் இதே காரணம்தான். மீன் என்றால் முள் குறைந்த மீனாகப் பார்த்து, உதிர்த்து முள் எடுத்துக் கொடுங்கள். வாவி மீனில் கொய்யும் மணலையும் ருசிதான், ஆனால் முள்ளு மீன்களை ஒரு கிழமைக்குப் பிறகு பார்க்கலாம்.

வுழூவும் தொழுகையும்

இதைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள், அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன். முதல் 24 மணித்தியாலம் வாய் கொப்பளிக்கக் கூடாது என்கிறார் டொக்டர். அப்படியென்றால் வுழூ? நம் பகுதியில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் வுழூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத், பர்ளு இல்லை. நோயினால் அதை விட்டாலும் வுழூ நிறைவேறும். முகம், கைகள், தலையில் மஸ்ஹு, கால்கள் என்று முறையாகச் செய்தால் போதும். குனிந்து சுஜூது செய்யும்போது இரத்தம் கசிந்தால், இருந்தபடி சைகையால் தொழ நோயாளிக்கு இடமிருக்கிறது. உங்கள் நிலைமையைச் சொல்லி உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

24 மணித்தியாலம் கழித்து, ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் வாயில் வைத்திருந்து, தலையைச் சரித்து, தானாக வழிந்து விழ விடுங்கள். வேகமாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம். மற்றப் பற்களைப் பிரஷ்ஷாலோ மிஸ்வாக்காலோ மெதுவாகத் துலக்கலாம், காயத்தில் படாமல்.

ரமழானில் அவசரமில்லாத பல்லுச் சத்திரசிகிச்சையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவைப்பது நல்லது. தள்ள முடியாத நிலை என்றால், நோயாளி வேறு நாட்களில் நோன்பைப் பிடிக்கலாம் என்ற சலுகை ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது.

வலியும் குளிசையும்

விறைப்புப் போவதற்கு முதலே முதலாவது வலிக் குளிசையைப் போடச் சொன்னார்கள். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 500 மில்லிகிராம் பெனடோல் 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் போகக் கூடாது. உடம்பு மிக மெலிந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் அளவைக் கேட்டுப் போடுங்கள். டிஸ்பிரின் வேண்டாம், அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆனால் இருதய வருத்தத்துக்கு டொக்டர் எழுதித் தினமும் குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது. கழற்றுவதற்கு முன்பே கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்க வேண்டும். புரூஃபன் தந்தால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஆஸ்த்மா, வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாரி காலத்தில் நம் பகுதியில் டெங்கு கூடுவது எல்லோருக்கும் தெரியும். பல்லுக் கழற்றிய பின் காய்ச்சல் வந்தால், பல்லுக் காய்ச்சல்தான் என்று நாமாக முடிவெடுத்துப் புரூஃபன் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் அது ஆபத்து. காட்டிக் கேளுங்கள். என்டிபயோடிக் எல்லோருக்கும் தேவையில்லை. தந்தால் சொன்ன நாள் வரை முடியுங்கள், தராவிட்டால் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். காயத்தில் கராம்பு எண்ணெய், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம்.

பஞ்சை மாற்றிக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், விழுங்க முடியாவிட்டால், 4ஆம் நாளில் வலி கூடினால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

விசாரிக்க வருபவர்களுக்கு

நோயாளியை விசாரிக்கப் போவது சுன்னத்தான நல்ல அமல். சுருக்கமாக இருந்து எழும்புவதும் அதன் ஒழுக்கம்தான். பல்லுக் கழற்றியவரிடம் கேள்வி கேட்காதீர்கள், துஆ செய்யுங்கள். அவர் தலையாட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் உம்மா முன் மண்டபத்திலேயே இருந்து வந்தவர்களுக்கு எல்லாக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். நான் உள்ளே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் சொன்னார். பரவாயில்லை, என் வாய்க்கு ஓய்வு கிடைத்தது.

கடைசியாக, வெற்றிலை

3ஆம் நாள் எனக்கு வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. தாடைத் தசை இறுகுவதால் அப்படி வரும், ஒரு கிழமை இரண்டு கிழமையில் சரியாகும் என்று டொக்டர் சொன்னார். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழியும் சொல்லித் தந்தார். உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நிமிர்த்தி வைக்க முடிந்தால் வாய் ஒழுங்காகத் திறக்கிறது என்று அர்த்தம். எனக்கு 12ஆம் நாள் மூன்று விரலும் போனது.

வீட்டில் எல்லோரும் விளையாட்டாக அதைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் போனது, உம்மாவுக்குப் போனது. மூத்தம்மாவுக்கு இரண்டு விரல்தான் போனது. அவருக்குப் பல்லுக் கழற்றவில்லை. சிறுவயதிலிருந்து பாக்கு வெற்றிலை போட்டவர். பாக்கு, கன்னத்தின் உட்தோலை மெல்ல மெல்ல நார்போல் இறுக்கி வாயைச் சுருக்கும். அப்படிச் சுருங்கிய வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. மெல்லும் புகையிலைப் பொருட்களை நம் நாட்டில் 2016இல் தடை செய்தார்கள். ஆனால் நம் வீட்டு வெற்றிலைத் தட்டை யாரும் வந்து தடை செய்ய மாட்டார்கள். அது நம் கையில்தான்.

மூத்தம்மாவை அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். காசு எதுவும் இல்லை. வாயைப் பார்த்துவிட்டு, பாக்கை நிற்பாட்டச் சொல்லி, தொடர்ந்து வந்து காட்டுவதற்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். பாக்கு உரலை அவரே எடுத்து ராக்கைக்கு மேல் வைத்துவிட்டார். கை இன்னும் அந்தப் பக்கம் போகத்தான் செய்கிறது. போகும்போது பேரப்பிள்ளைகள் ஏலக்காய் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வீட்டில் யாராவது பல்லுக் கழற்றினால் 3 நாள் அவரை, முக்கியமாக அது ஒரு பெண்ணாக இருந்தால், வாயாலும் கையாலும் ஓய்வாக இருக்க விடுங்கள். இரண்டாவது, இன்று இரவு சாப்பிட்ட பின் வீட்டில் உள்ள பெரியவர்களை மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போகாவிட்டாலோ, வாய்க்குள் வெள்ளையாக அல்லது சிவப்பாகத் திட்டு இருந்தாலோ, 3 கிழமையாகியும் ஆறாத புண் இருந்தாலோ, அடுத்த கிளினிக் நாளில் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

நோயுற்றிருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.